வெள்ளிமூக்கை நக்கிய மாடு

அத்தியாயம் 5

ஒரு வண்டிமாட்டைப் பார்த்து மனுஷனுக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் கணபதி சிரித்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவனுக்கே வந்தது.

பதுளைக் கடைவீதியில், பலசரக்கு வியாபாரி ஜெயராசா முதலாளியின் வீட்டு முற்றம். நடுவில் அவருடைய கார். ஊவா மாகாணத்தில் அதற்கு ஈடாக இன்னொரு கார் கிடையாது என்று அவர் சொல்வார், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். சீமையிலிருந்து கப்பலேறி வந்த அந்தக் காருக்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முன்னால் பளபளவென்று நிற்கும் ரேடியேட்டரைப் பார்த்து ஊரே அதற்கு வெள்ளிமூக்கு என்று பெயர் சூட்டிவிட்டது. அந்த மூக்கை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கணபதிக்கு வெகுநாள் ஆசை. கிட்டே போனாலே டிரைவர் நிஸாம், "கைய எடு, கைய எடு! ரேகை பதியும்!" என்று விரட்டுவான். இப்போது வண்டிக்கார வீரய்யாவின் மயிலைக்காளை, யாரிடமும் உத்தரவு கேட்காமல், அந்த மூக்கை மேலிருந்து கீழாக ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

"குடுத்து வச்ச மாடு," என்று பெருமூச்சு விட்டான் கணபதி.

"அந்த மாட்டையே பார்த்துக்கிட்டு இரு," என்றார் ராமாமிர்தம்.

ராமாமிர்தம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் சொல்லப்பட்ட பொய்களை ஆயுசில் பாதி கேட்டவர். அந்தப் பழக்கத்தில் துப்பறிய ஆரம்பித்தார். கணபதி அவருடைய உதவியாளன். வேலையில் பாதிக்கு மேல் செய்வது தான்தான் என்பது அவனுடைய கட்சி. ஆனால் வழக்கு முடிந்ததும் மாலை அவர் கழுத்தில் விழும், குடை இவன் கையில் இருக்கும். ஒரு தடவையாவது மாலை தவறி இந்தப் பக்கம் விழாதா என்று அவன் ஏங்காத நாளில்லை.

"மாட்டையா பாக்கக் கூப்பிட்டேன்?" என்று சீறிக்கொண்டு வந்தார் ஜெயராசா. கோட்டு, தங்கச் சங்கிலிக் கடிகாரம், வழுக்கையை மறைக்கும் தொப்பி. முகம் மட்டும் இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் போல் இருந்தது. "என் மானம் கப்பலேறிப் போச்சு ஐயா! நேத்து அப்புத்தளையில ஒரு கல்யாணம். ஊருக்கெல்லாம் சொல்லிட்டுக் கிளம்புறேன். ஹாலிஎல ஏத்தத்துல பாதி போகல, மூக்குலேருந்து குபுகுபுன்னு ஆவி. இஞ்சின் படுத்துருச்சு. நான் நடுரோட்டுல நிக்கிறேன். பின்னால யாரு வந்தது தெரியுமா?"

"ஜவுளிக்கடை தர்மலிங்கம்," என்றான் கணபதி.

"எப்படித் தெரியும்?"

"உங்க பல்லு நறநறன்னுது முதலாளி. வேற யாருக்கு அந்தச் சத்தம் வரும்?"

ஜெயராசா பல்லைத் தளர்த்தினார். "அவனேதான்! அந்தத் தகரடப்பாவ நிறுத்தி, தொப்பியத் தூக்கி, 'அண்ணே, தள்ளணுமா'ன்னு கேட்டான். தள்ளணுமாவாம்! அவன் பொஞ்சாதி உள்ள உக்காந்து சிரிக்கிறா. அப்புறம் வீரய்யாவோட மாட்டக் கட்டி வீடு வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். வழி நெடுக வேடிக்கை."

"ஊர்க்கண்ணு பட்டிருக்கும் முதலாளி," என்றான் கணபதி.

"கண்ணாவது மண்ணாவது! நான் அதையெல்லாம் நம்புறவனா? பட்டிக்காட்டுப் பேச்சு." ஜெயராசா கையை உதறினார். "இது கண்ணு இல்ல, கையி. நிஸாமோட கையி. தர்மலிங்கம் அவனுக்குத் தூண்டில் போட்டுக்கிட்டே இருந்தான். இவன் காசு வாங்கிக்கிட்டு என் காரக் கெடுத்துட்டான். போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறேன். ஐயா, நீங்க எப்படிக் கெடுத்தான்னு மட்டும் சொன்னாப் போதும்."

கொட்டகை வாசலில் நிஸாம் நின்றிருந்தான். காக்கி உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. பதுளையில் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடியைக் கடந்து அவன் நடந்து போனால் குடங்கள் நிரம்பி வழியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த வழிந்த குடங்களில் ஒன்று லெட்சுமியுடையது. அது கணபதிக்குத்தான் தெரியும், அவனுக்குத்தான் வலிக்கும். 'மாட்டினாயா மகனே' என்று அவன் மனசு துள்ளியதை மறைப்பதற்கில்லை.

"மூக்குக்குள்ள என்ன தண்ணி ஊத்துவே, நிஸாம்?" என்று கேட்டார் ராமாமிர்தம்.

"மழைத்தண்ணி ஐயா."

"கேட்டீங்களா!" ஜெயராசா குதித்தார். "மழைத்தண்ணியாம்! ராசா மாதிரி ஒரு காருக்கு ஓசித் தண்ணி! தர்மலிங்கம் அவன் டப்பாவுக்கு நுவரெலியாத் துரைமாருங்க ஊத்துற கிளிசரின் ஊத்துறானாம். கடைக்கு வர்றவன்கிட்டயெல்லாம் சொல்றான். ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஸ்பிரிட் கலந்து ஊத்தச் சொன்னாரு. ஒசத்தியான சரக்கா ஊத்துடான்னா இவன் கூரைப் பீலிக்குக் கீழ பீப்பாய வச்சுக்கிட்டு வானத்தப் பாக்குறான்."

"வெட்டிவேர் போட்ட பானைத்தண்ணியும் குளிர்ச்சிதான்," என்றான் கணபதி. "கூட ரெண்டு இளநி. ராத்திரிக்கு வெந்தயம் ஊறப்போட்டு..."

"கணபதி!"

"சும்மா சொன்னேங்க."

நிஸாம் தலையை நிமிர்த்தினான். அவன் பேச்சில் பணிவைத் தேடினால் கிடைக்காது. "கிளிசரின் எதுக்கு ஐயா? குளிர்ல தண்ணி ஐஸாப் போற எடத்துக்கு. நுவரெலியாவுல உறைபனி விழும், துரைமாரு ஊத்துறாங்க. பதுளையில எங்க உறையுது? ஸ்பிரிட் தண்ணிக்கு முந்தியே கொதிச்சிரும். ஏத்தத்துல ஆவியாப் பறந்துட்டுதுன்னா, அப்புறம் இஞ்சின எத வச்சு ஆத்துறது? கெணத்துத் தண்ணிய ஊத்தினா உள்ள கல்லாப் படியும். இந்த வீட்டுத் தேத்தண்ணிக் கேத்தல் அடியப் பாருங்க. ஓடைத்தண்ணியில மண்ணும் எலையும் வரும். கூரையில ரெண்டு மழை அடிச்சுக் கழுவுனதுக்கப்புறம் பீலியில புடிச்ச தண்ணிய, மல்துணியில வடிகட்டி ஊத்தணும். அதுக்கு மேல ஒசத்தி ஒண்ணும் கெடையாது. ஓசியாக் கெடைக்குதுன்னுதான் முதலாளிக்குப் புடிக்கல."

"வாயப் பாத்தீங்களா ஐயா!"

"வாய் இருக்கட்டும், தண்ணி சரி," என்றார் ராமாமிர்தம். "ஆனா மழைத்தண்ணிய எந்த மாடு இப்படி நக்கும்?"

எல்லாரும் திரும்பினார்கள். காளை கண்ணை மூடிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தது. வீரய்யா கயிற்றைப் பிடித்து இழுத்தான். "நேத்து ஹாலிஎலயிலேருந்தே புடிச்சு இதே கூத்துங்க. வண்டிய இழுடான்னா திரும்பித் திரும்பி அது மொகத்தப் பாக்குது. வெயில் தாழ்ந்ததும் கெளம்பணும், எப்படிப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியலைங்க."

ராமாமிர்தம் குனிந்தார். வெள்ளிமூக்கின் அடியில், ஈயம் வைத்த ஒட்டு ஓரமாக, வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டார், நாக்கில் வைத்தார், கணபதியிடம் விரலை நீட்டினார்.

"எனக்கு வேணாங்க, மாடு மிச்சம் வைச்சது."

"உப்பு," என்றார் ராமாமிர்தம்.

நிஸாமின் முகம் செத்துப் போயிற்று. "உப்பா? என் தண்ணியிலயா?" மூக்கின் அடியிலிருந்த குழாயைத் திறந்து, மல்துணியைப் பிடித்து, தண்ணீரை வாளியில் வடித்தான். பழுப்புத் தண்ணீர். அவனே ஒரு துளியைச் சுவைத்துவிட்டுத் துப்பினான். "கடல்தண்ணி மாதிரி கரிக்குது! இது ஒரு நாள் போட்ட உப்பு இல்ல ஐயா. போட்டுப் போட்டுச் சேந்தது. தண்ணி ஆவியாப் போகும், உப்பு எங்க போகும்? ஒட்டெல்லாம் அரிச்சிருச்சு. அதான் தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம்னு போன மாசமே சொன்னேன். ரயில்ல ஏத்துனா தர்மலிங்கம் பாப்பானேன்னு முதலாளிதான் வேணாம்னாரு."

துணியில் ஏதோ தங்கியிருந்தது. ஊறிப் பருத்த கடுகு, நிறைய. நடுநடுவே மிளகாய் விதை, சுருங்கிய தோல் ஒன்றிரண்டு.

கணபதி எட்டிப் பார்த்தான். "உப்பு, கடுகு, மொளகா. புளி மட்டுந்தான் குறை. ரசம் வச்சிருக்காங்க ஐயா."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு செருமல். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தர்மலிங்கம் நின்றார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார், ஆனால் உதடு நிற்கவில்லை. "அண்ணே, மனசு கேக்கல, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." கண் துணியில் விழுந்தது. "அட, கடுகா? போச்சுடா! இது சீமை டிரைவருங்க செய்யிற பித்தலாட்டம் ஆச்சே. ரேடியேட்டர் ஒழுகுச்சுன்னா கடுகுப்பொடியப் போட்டுத் தற்காலிகமா அடைப்பானுங்க. துரைமாரு சொல்லிக் கேட்டிருக்கேன். ஒழுகுறது தெரிஞ்சே உங்ககிட்ட மறைச்சிருக்கான் அண்ணே. இந்தக் காரு என்கிட்ட இருந்திருந்தா இப்படி விட்டிருப்பேனா?" வெள்ளிமூக்கைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். போய்விட்டார்.

அவ்வளவுதான். ஜெயராசா தெருவாசலுக்கே ஓடினார். "கள்ளன்! என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கே கடுகு போட்ட கள்ளன்!" என்று கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். குழாயடியிலும் தலைகள் திரும்பின. நிஸாம் காரின் மூக்கின் மேல் கை வைத்தபடி அசையாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஐயா, கள்ளன்னு பேரு வந்துச்சுன்னா இந்த ஊவாவுல எவனும் எனக்கு ஸ்டீரிங்கத் தரமாட்டான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

கணபதிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ வாய் கசந்தது. உப்பு வைத்த விரலை அவன் தொடவேயில்லை, இருந்தும் கசந்தது.

"முதலாளி, விளக்கு வைக்கிற வரைக்கும் பொறுங்க," என்றார் ராமாமிர்தம். "அப்பவும் நிஸாம்தான்னா நானே போலீசுக்குக் கூட்டிட்டுப் போறேன். கணபதி, வா. உப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம்."

"கடல்லேருந்துங்க."

"அதுக்கு முன்னால அடுப்படி."

அடுப்படியில் ஏற்கனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. முதலாளியின் மனைவி வடிவம்மா உப்பு ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். சமையல்காரி நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்கும்மா உப்பத் திருடப் போறேன்? உப்பத் தின்னு வயித்த நெறைக்கவா? செவ்வாயும் வெள்ளியும் சாமிக்கு வெளக்கேத்த நான் உள்ள போறேன். திரும்பி வந்து பாத்தா ஜாடியில ஒரு கை பள்ளம். ஏன்னு எனக்கென்ன தெரியும்?"

"அப்போ காத்தா வந்து அள்ளிட்டுப் போகுது?"

ராமாமிர்தம் கணபதியைப் பார்த்தார். கணபதி வடிவம்மாவைப் பார்த்தான். செவ்வாய், வெள்ளி, ஒரு கைப்பிடி. இந்த வீட்டில் கார் மேல் யாருக்குக் கோபம் என்று தெருவுக்கே தெரியும்.

"அம்மா, அந்தக் காரு..." என்று ஆரம்பித்தார் ராமாமிர்தம்.

"அது காரு இல்ல ஐயா, என் சக்களத்தி!" வடிவம்மா ஜாடியை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "காலையில எந்திரிச்சா மொத அதத்தான் பாக்குறாரு. பட்டுத்துணியில தொடைக்கிறாரு. பட்டு! எனக்கு எடுத்த சேலையில கிழிஞ்ச துண்டு. மழை வந்தா 'வடிவு நனைஞ்சுட்டாளா'ன்னு கேக்கமாட்டாரு, 'வண்டி நனைஞ்சுதா'ன்னு கேப்பாரு. பேசும்போதுகூட 'அவ', 'இவ'ன்னுதான் பேசுறாரு, போங்க. வயிறு எரியுதுய்யா எனக்கு."

"அதனால உப்பு..." என்றான் கணபதி.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் செய்யிறதா இருந்தா ஒளிஞ்சு உப்பாப் போடுவேன்? அம்மிக்குழவிய எடுத்து, அவரு பாக்க, நடுமூக்குல போடுவேன். எனக்கு என்ன பயம்? வண்டி வந்த அன்னைக்கு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்துக் கட்டுனேன். சக்களத்தியா இருந்தாலும் வீட்டுக்கு வந்தவளாச்சேன்னுதான். துரைமாரு பாத்தாச் சிரிப்பானுங்கன்னு சொல்லி, எல்லாரு முன்னாலயும் பிச்சு வீசுனாரு மனுசன். நான் வீட்டுக்குள்ள போய் அழுதேன். போதுமா?"

வெளியே கொய்யா மரத்தடிக்கு வந்ததும் கணபதி கையைத் தட்டினான். "முடிஞ்சுது ஐயா. அம்மாதான்."

"கணபதி, உனக்கு நிஸாம் மேல பொறாமைதானே?"

"எனக்கா? சேச்சே."

"உண்மையச் சொல்லு. இப்போ எனக்கு வேற துப்பு கெடையாது, நீதான் துப்பு."

கணபதி காலால் மண்ணைக் கிளறினான். "ஆமாங்க. பத்திக்கிட்டு எரியுது. காக்கி உடுப்பும் அவனும்! குழாயடியில லெட்சுமி... சரி, அத விடுங்க. ஆமாங்க."

"அவனக் கெடுக்கணும்னா நீ என்ன செய்வே?"

"டயர்ல ஆணி," என்றான் அவன் யோசிக்காமலேயே. "நாலு டயர்லயும். கடைவீதி நடுவுல புஸ்ஸுன்னு போகணும். அவன் மொகம் தொங்குறத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

"உப்புப் போடுவியா? ஒவ்வொரு கையாப் போட்டு, மாசக்கணக்கா அரிக்கட்டும்னு காத்திருப்பியா?"

"அவ்வளவு நாள் யாருங்க காத்திருக்கிறது? வயிறு எரியிறவனுக்குப் பொறுமை ஏது?"

"சரி, கடுகு?"

"கடுகு எதுக்குங்க? தாளிக்கவா? ஒருத்தன் மேல கோவம்னா உப்ப அள்ளிப் போடுவான். அதோட எதுக்குக் கடுகு, அதுக்கு மேல எதுக்கு மொளகா..." கணபதியின் வாய் திறந்தபடி நின்றது. "ஐயா! உப்பு, கடுகு, மொளகா! கண்ணூறு கழிக்கிறதுக்குல்ல இத எடுப்பாங்க! சுத்திப் போட்டிருக்காங்க ஐயா! காருக்குச் சுத்தி, கழிச்ச உப்ப அது மூக்குத் தண்ணியிலேயே கரைச்சிருக்காங்க!"

"ஆமா," என்றார் ராமாமிர்தம். "துணியில கடுகப் பாத்தப்பவே நெனச்சேன்."

இந்த மனுஷனிடம் இதுதான் கணபதிக்குப் பிடிக்காது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முதலில் கண்டுபிடித்தோம் என்று நிமிர்ந்தால், அங்கே ஏற்கனவே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"அப்போ காரு மேல ஆத்திரம் உள்ள ஆளு இல்ல," என்றார் ராமாமிர்தம். "உசுரே வச்சிருக்கிற ஆளு. பொறாமைப்பட்டவன் செஞ்சதில்ல இது, அடுத்தவன் பொறாமைக்குப் பயந்தவன் செஞ்சது. வழக்கமா அடுப்புல போடுவாங்க. மொளகா கமறும், தெருவே இருமும், யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சு போகும். கெணத்தடியில போட்டா நாலு பேர் கண்ணுல படும். இந்த ஆளு வெளிய தெரியக் கூடாதுன்னு பாத்திருக்கு. இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி."

"நல்லதாப் போச்சு."

சாயங்காலம் வீரய்யாவும் நிஸாமும் வெள்ளிமூக்கைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். நிஸாம் உள்ளே மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசினான். பிறகு பீப்பாயிலிருந்து மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றினான். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கீழே ஒரு தகரத்தை வைத்தான். ராமாமிர்தம் வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஜெயராசா, வடிவம்மா, நல்லம்மா எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "காலையில தர்மலிங்கம் காரப் பாத்தாரே ஒரு பார்வை, எனக்கே ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. கொள்ளிக்கண்ணு! ஒரு பெருமூச்சு வேற விட்டாரு. அடுத்து என்ன ஆகப்போகுதோ! சரி, நான் போய்த் தேத்தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

"பாத்தாப் பாக்கட்டும், எனக்கென்ன," என்றார் ஜெயராசா. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அரைமணி கழித்து, கொட்டகைக்குள் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ராமாமிர்தம், கணபதி, நிஸாம், நான்காவதாக வடிவம்மா. "திருடன் வர்ற எடத்துல திருடியையே கூட்டிவந்து உக்கார வச்சிருக்கீங்களே," என்று கணபதி ராமாமிர்தத்தின் காதில் முணுமுணுத்தான். வடிவம்மாவின் முழங்கை அவன் விலாவில் இறங்கியது. இனி நல்லம்மாதான் மிச்சம் என்று கணபதி மனசுக்குள் கணக்கை மாற்றிக்கொண்டான்.

வீட்டில் சாமி விளக்கு ஏற்றும் மணி கேட்டது. கொட்டகைக் கதவு கிரீச்சிட்டது.

வந்தது நல்லம்மா இல்லை. கோட்டு, தொப்பி, தங்கச் சங்கிலி. ஜெயராசா கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றி பானெட்டின் மேல் வைத்தார். வலதுகையை இறுக மூடிக்கொண்டு காரை வலமாக ஒரு சுற்று வந்தார், இடமாக ஒரு சுற்று வந்தார். வாய் முணுமுணுத்தது.

"ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, போறவன் கண்ணு, வர்றவன் கண்ணு, தர்மலிங்கம் கண்ணு, தர்மலிங்கம் பொஞ்சாதி கண்ணு, அவன் கடையில துணி கிழிக்கிறவன் கண்ணு... அத்தனையும் உப்பாக் கரைஞ்சு போகணும். என் தங்கத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. தூ, தூ, தூ."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. வெள்ளிமூக்கின் மூடியைத் திருகித் திறந்தார், கையை மேலே கொண்டுபோனார்.

"முதலாளி, வேணாம்!" என்று நிஸாம் பாய்வதற்குள் வடிவம்மா எழுந்துவிட்டாள். சாக்கு இரண்டு சரிந்து விழுந்தது.

"பதினாறு வருஷம்!" அவள் குரல் கொட்டகைத் தகரத்தை அதிர வைத்தது. "நான் ரெண்டு புள்ள பெத்தேன். காய்ச்சல்ல கெடந்தேன், பொழைப்பேனான்னு டாக்டரே கையை விரிச்சாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் கையால ஒரு கல்லு உப்ப எடுத்து எனக்குச் சுத்தியிருப்பீங்களா? நான் கட்டுன எலுமிச்சம்பழத்தப் பிச்சு எறிஞ்சீங்க, பட்டிக்காடுன்னீங்க. இந்த இரும்புக்குச் சுத்தி சுத்தி வர்றீங்களே! தங்கமாம்! என்னைய என்னைக்காவது தங்கம்னு கூப்பிட்டிருப்பீங்களா?"

"வடிவு, மெல்லப் பேசு... வெளிய கேக்கும்..."

"கேக்கட்டும்!"

ஜெயராசாவின் கையிலிருந்து உப்பும் கடுகும் தரையில் கொட்டின. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். கடைசியில் நிஸாமைப் பார்க்க முடியாமல் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுடா நிஸாம். தண்ணியில கரைக்கணுமே, தண்ணி அது மூக்குலேயே இருக்கே, அதோட கண்ணூறு அதுக்குள்ளேயே கரையட்டும்னு... காலையில உப்புன்னு சொன்னப்போ தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு கை உப்பு இவ்வளவு பெரிய வண்டிய என்ன செஞ்சிரும்னு மனசத் தேத்திக்கிட்டேன். தர்மலிங்கம் கடுகுன்னதும் அதையே புடிச்சுக்கிட்டேன். சரி, விடு. நடந்தது இந்தக் கொட்டகையோட போகட்டும். நாளையிலேருந்து வழக்கம்போல வேலைக்கு வா."

நிஸாம் மூடியை எடுத்து வெள்ளிமூக்கில் திருகினான். துணியை எடுத்து அதன் மேலிருந்த ரேகையைத் துடைத்தான். "கொட்டகைக்குள்ள என்னைய யாரும் கள்ளன்னு சொல்லல முதலாளி. தெருவுல சொன்னீங்க. தர்மலிங்கம் கேட்டாரு, கடைவீதியே கேட்டுச்சு. எனக்கு வேலை வேணாம், பேரக் குடுங்க."

"அவன்கிட்டயா? தர்மலிங்கத்துக்கிட்டப் போயா?" ஜெயராசாவின் குரல் உடைந்தது. "நான் காருக்குச் சுத்திப் போட்டேன்னு அவன்கிட்ட என் வாயால சொல்லணுமா? அதுக்குப் பதிலா வண்டிய ஆத்துல தள்ளிரச் சொல்லு."

ராமாமிர்தம் பேசுவார் என்று கணபதி காத்திருந்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கணபதி தன் வாயிலிருந்து வந்ததைத் தானே எதிர்பார்க்கவில்லை.

"முதலாளி, காலையில இவன் தலை குனிஞ்சப்போ அதிகமாச் சந்தோஷப்பட்டவன் நான். இவன் மேல எனக்கு அவ்வளவு எரிச்சல். ஆனாப் பாருங்க, அந்தச் சந்தோஷம் அரை நாழிகை தாங்கல. கெட்டுப்போன சோறு மாதிரி ஆயிருச்சு. போய்ச் சொல்லிருங்க."

நிஸாம் அவனை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தான். வடிவம்மா பானெட்டிலிருந்த தொப்பியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "போங்க. போட்டுக்கிட்டே போங்க."

ஜெயராசா போனார். தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி கடைவீதியில் நடந்தார். பின்னால் நால்வரும் போனார்கள். தர்மலிங்கத்தின் ஜவுளிக்கடையில் லாந்தர் ஏற்றியாயிற்று. வாசலில் அவருடைய சின்னக் கார் நின்றது. படியில் நாலைந்து வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தர்மலிங்கம்," என்றார் ஜெயராசா. தொண்டையைச் செருமினார். "காலையில நிஸாமக் கள்ளன்னு சொன்னேன். அது பொய். அவன் ஊத்துனது சுத்தமான மழைத்தண்ணி. அதுல உப்பும் கடுகும் போட்டது நான். உன் கண்ணு பட்டிரக் கூடாதுன்னு சுத்தி, அதுக்குள்ளயே கரைச்சேன். என் காரக் கெடுத்தது நான்தான். எல்லாரும் கேட்டுக்குங்க."

தர்மலிங்கம் சிரித்தார். அடேயப்பா, என்ன சிரிப்பு! தொடையைத் தட்டினார், கல்லாவைத் தட்டினார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கோட்டுப் போட்டுக்கிட்டு... தொப்பி போட்டுக்கிட்டு... காரச் சுத்தியா அண்ணே! மூக்குக்குள்ள உப்பா! இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஆளா!"

படியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஜெயராசா தலை குனிந்து நின்றார். ஆனால் குழாயடிப் பக்கம் பார்த்த நிஸாமின் தலை நிமிர்ந்துவிட்டது. கணபதி அதைப் பார்த்தான். கொஞ்சம் எரியத்தான் செய்தது. பரவாயில்லை என்றும் இருந்தது.

அப்போது மணிச்சத்தம் கேட்டது. வெயில் தாழ்ந்து, காளைகளைப் பூட்டிக்கொண்டு வீரய்யா ஹாலிஎலைக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தான். ஜவுளிக்கடை வாசலுக்கு வந்ததும் மயிலைக்காளை நின்றது. மூச்சை இழுத்து மோந்து பார்த்தது. "ஏய், போ! ஹை!" என்று வீரய்யா அதட்டினான். அது கேட்கவில்லை. ஜோடிக்காளையையும் வண்டியையும் சேர்த்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், தர்மலிங்கத்தின் சின்னக் காருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அதன் மூக்கை மேலிருந்து கீழாக நக்க ஆரம்பித்தது.

தர்மலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

நிஸாம் லாந்தரை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தான். "இதுலயும் வெள்ளையாப் பூத்திருக்கு ஐயா. ஒட்டு ஓரத்துல."

ஜெயராசா தலையைத் தூக்கினார். மாட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எழுந்து நின்று தொப்பியைத் தேடிக்கொண்டிருந்த தர்மலிங்கத்தைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. "நீ யாரு கண்ணுக்குப் பயந்தே, தம்பி?"

தர்மலிங்கம் படியில் உட்கார்ந்தார்.

"உங்க கண்ணுக்குத்தான் அண்ணே," என்றார்.